அடிக்கட்டை சொல்லாத கணக்கு: தடயவியல் கணக்கியல் என்றால் என்ன, வேலையில் இருப்பவர் அதை எப்படிக் கற்பது?

ஏதாவது ஒரு நிதி மோசடி செய்தியில் அடிபட்டதும் "ஃபாரன்சிக் ஆடிட் நடத்த வேண்டும்" என்ற கோரிக்கை எழுகிறது. இன்னொரு பக்கம், வார இறுதி வகுப்பில் சேர்ந்தால் சில மாதங்களில் மோசடித் துப்பறிவாளர் ஆகிவிடலாம் என்ற விளம்பரங்கள். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருள்தான் மங்கலாக இருக்கிறது. தடயவியல் கணக்கியலை 'கொஞ்சம் கண்டிப்பான ஆடிட்' என்றே பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தோடு பணம் கட்டிச் சேர்பவர்கள் பாதியில் தடுமாறிப் போகிறார்கள். அங்கே கற்றுத் தரப்படுவது வேறு ஒரு வேலை.

## திருவிழா ரசீதுப் புத்தகம்

ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு தாள் கொண்ட ரசீதுப் புத்தகங்கள் பத்து. கொடுத்தவருக்கு ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும். திருவிழா முடிந்ததும் கணக்குப் பார்ப்பவர் அடிக்கட்டைகளைக் கூட்டுகிறார், வரவு நோட்டோடு ஒப்பிடுகிறார், பந்தல்காரர், மேளக்காரர் வவுச்சர்களில் சிலவற்றை எடுத்துப் பார்க்கிறார். எல்லாம் பொருந்துகிறது. அவர் வேலை முடிந்தது.

அப்போது ஒருவர் சொல்கிறார்: "எங்க தெருவுல வசூல் பண்ண வந்தப்ப கொடுத்த ரசீது மஞ்சக் கலரு. இங்க இருக்கறதெல்லாம் வெள்ளையா இருக்கே?"

இனி அடிக்கட்டைகளை நூறு தடவை கூட்டினாலும் பதில் வராது. அவை சந்தேகத்துக்கு உள்ளானவரே கொண்டுவந்து கொடுத்தவை. இப்போது அந்தத் தெருவுக்குப் போய், வீட்டில் இருக்கும் ரசீதுகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே எண்ணில் வெள்ளை ரசீதும் மஞ்சள் ரசீதும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அச்சகத்துக்குப் போய் எத்தனை புத்தகம் அடித்தார்கள், யார் ஆர்டர் கொடுத்தார், யார் பணம் கட்டினார் என்று பில்லோடு கேட்க வேண்டும். எந்த ரசீதை யாரிடம் எந்த நாளில் வாங்கினோம் என்று எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி, ரசீதை உறையில் போட்டு வைக்க வேண்டும். நாளை பஞ்சாயத்திலோ நீதிமன்றத்திலோ "இந்த மஞ்சள் ரசீதை நீங்களே அடித்துக்கொண்டு வந்திருக்கலாமே" என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

முதலாமவர் செய்தது தணிக்கை. இரண்டாவது வேலைதான் தடயவியல் கணக்கியல்: ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, பணம் போன தடத்தைப் பின்தொடர்ந்து, சட்டத்தின் முன் நிற்கும் ஆதாரமாக அதை மாற்றுவது.

## ஆடிட்டரிடம் ஏன் இது மாட்டுவதில்லை?

கணக்குகள் ஒட்டுமொத்தமாக உண்மையான நிலையைக் காட்டுகின்றனவா என்பதுதான் ஆண்டுத் தணிக்கையின் கேள்வி. ஆயிரக்கணக்கான பில்களில் ஒரு பகுதியைத்தான் தணிக்கையாளர் எடுத்துப் பார்க்கிறார். சிறு பிழைகள் மொத்தப் படத்தை மாற்றாது என்றால் அவற்றைக் கடந்து போகவும் செய்வார். 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில், தணிக்கையாளர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்காகத் தணிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 143(12) பிரிவின்படி, நிறுவனத்துக்கு எதிராக அதன் அதிகாரிகளோ ஊழியர்களோ 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் மோசடி செய்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அவர் மத்திய அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் மோசடியைத் தேடிப் போவது அவருடைய முதல் வேலை அல்ல.

அமெரிக்காவில் 1988இல் தொடங்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கமான ஏசிஎஃப்இ உலகெங்கும் நடந்த வழக்குகளைத் தொகுத்து வெளியிட்ட 2024 அறிக்கையில், 43 சதவீத மோசடிகள் யாரோ ஒருவர் கொடுத்த துப்பால் வெளிவந்தவை. வெளித் தணிக்கையால் பிடிபட்டவை 3 சதவீதம்தான். மஞ்சள் ரசீதைப் பற்றிச் சொன்ன அந்த ஆளின் மதிப்பு இப்போது புரியும்.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் இதையே பெரிய அளவில் காட்டியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம். போலி பில்கள், போலி வைப்புநிதி ரசீதுகள். வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை வங்கியிடமிருந்து நேராகப் பெறாமல், அந்த வேலையை நிறுவனத்தின் கையிலேயே தணிக்கையாளர்கள் விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் கண்டறிந்தது. அடிக்கட்டையை யார் கொண்டுவந்து கொடுத்தார் என்ற அதே கேள்விதான் இங்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், தணிக்கை மொத்தக் கணக்கைப் பார்க்கிறது, தடயவியல் கணக்கியல் ஒரு சந்தேகத்தைப் பின்தொடர்கிறது. சந்தேகத்துக்குரியவர் கைபடாத இடத்திலிருந்து ஆதாரம் எடுப்பது இதன் அடிப்படை.

## ஒரு போலி வெண்டாரை அருகில் வைத்துப் பார்ப்போம்

நல்ல படிப்புகள் கோட்பாட்டைச் சொன்ன கையோடு இப்படி ஒரு கோப்பைக் கொடுத்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். பேக்கிங் அட்டைப்பெட்டி வாங்கியதாக ஒரு வெண்டாருக்கு இரண்டு ஆண்டில் 38 பில்களுக்குப் பணம் போயிருக்கிறது. பர்ச்சேஸ் மேனேஜர் 50,000 ரூபாய் வரை தானே அனுமதிக்கலாம். 38 பில்களும் 46,000க்கும் 49,800க்கும் இடையில் நிற்கின்றன.

முதல் வேலை, வெண்டார் பட்டியலையும் ஊழியர் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வங்கிக் கணக்கு எண், செல்போன் எண், முகவரி, பான் எண் ஆகியவற்றைப் பொருத்திப் பார்ப்பது. இதில் புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே இறக்கினால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். தொடர்பே இல்லாத இரண்டு கணக்குகள் ஒன்றுபோலத் தெரியும், ஒரு நிரபராதியின் பெயர் அறிக்கையில் ஏறும். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறிப்பிட்டு இறக்க வேண்டும்.

அடுத்தது பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண். 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லும்: தனிநபருக்கு பி, கம்பெனிக்கு சி, கூட்டு நிறுவனத்துக்கு எஃப். ஆக, ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பார்த்தால் போதும். பில்லின் தலைப்பில் 'பிரைவேட் லிமிடெட்' என்று அச்சடித்து, ஆறாவது எழுத்து பி என்று இருந்தால் அங்கே நிற்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் பதிவுத் தேதியையும் பாருங்கள். முதல் பில்லின் தேதி அதற்கு முந்தையது என்றால் அதுவும் ஒரு கேள்வி.

பிறகு பில் எண்கள். 11, 12, 13 என்று இடைவெளியே இல்லாமல் ஓடினால், அந்த வெண்டாருக்கு உலகத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் என்று அர்த்தமாகிறது. திருப்பூரில் அட்டைப்பெட்டி விற்பவருக்கு அது நம்ப முடியாத நிலை.

சரக்கு உண்மையில் வந்ததா? கேட்டில் செக்யூரிட்டி எழுதும் இன்வர்டு ரெஜிஸ்டர், வண்டி எண், ஸ்டோர் வரவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் இல்லாததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு அது தேவையில்லை.

கணக்கு மென்பொருளும் பேசும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவுசெய்யும், அணைக்க முடியாத 'எடிட் லாக்' உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். வெண்டாரின் வங்கிக் கணக்கு எண் வெள்ளிக்கிழமை மாலை மாற்றப்பட்டு, பணம் போனபின் திங்கட்கிழமை பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தால் அது அங்கே நிற்கும்.

மேனேஜரிடம் பேசுவது கடைசியில். முதலில் செக்யூரிட்டி, ஸ்டோர் கீப்பர், கணக்குப் பிரிவு ஊழியர். ஆவணங்கள் கைக்கு வரும் முன்பே சந்தேகத்துக்குரியவரைக் கூப்பிட்டு விசாரித்தால் பழைய பில்களும் வாட்ஸ்அப் செய்திகளும் அன்று இரவே அழிந்துவிடும். இந்தத் துறையில் கெட்டுப்போகும் விசாரணைகளில் பல இங்கேதான் கெடுகின்றன.

இத்தனையும் பொருந்தினாலும் மாற்று விளக்கம் ஒன்றைத் தேடியே ஆக வேண்டும். வெண்டார் மேனேஜரின் தம்பியாக இருக்கலாம், பெட்டிகள் உண்மையாகவே வந்திருக்கலாம், விலையும் சந்தை விலையாக இருக்கலாம். அப்படியானால் அது உறவைச் சொல்லாமல் மறைத்த குற்றம், போலி பில் அல்ல. இரண்டுக்கும் விளைவு வேறு. வெண்டாரின் வங்கிக் கணக்கை நீங்களாக எடுத்துப் பார்க்கவும் முடியாது. காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால்தான் வங்கி கொடுக்கும். தடயவியல் கணக்காளருக்கு சோதனை போடவோ கைது செய்யவோ அதிகாரம் இல்லை.

## வருமானமும் சொத்தும் ஒட்டாதபோது

பில்லே இல்லாத பணத்தை எப்படிக் கணக்கிடுவது? இதற்கு நிகரச் சொத்து முறை உண்டு. நிகரச் சொத்து என்பது சொத்துகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்தால் நிற்பது. ஐந்தாண்டுத் தொடக்கத்தில் ஒருவருக்கு 12 லட்சம், முடிவில் 1 கோடியே 4 லட்சம் என்றால் வளர்ச்சி 92 லட்சம். அந்த ஐந்தாண்டில் தெரிந்த வருமானம் 45 லட்சம், குடும்பச் செலவு 25 லட்சம் என்றால் மிச்சம் பிடித்திருக்கக் கூடியது 20 லட்சம். மீதி 72 லட்சத்துக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

பார்க்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கில் நுணுக்கமான பிழைகள் நுழையும். சொத்தை வாங்கிய விலையில் எடுக்க வேண்டும், இன்றைய சந்தை விலையில் எடுத்தால் நிலத்தின் விலையேற்றமே ஊழலாகத் தெரியும். கடனைக் கூடுதலாகக் காட்டினால் விளக்க முடியாத தொகை கரைந்துபோகும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைக் கவனித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த விடுதலைத் தீர்ப்பில், கடன் பட்டியலின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று இருந்தது. அதே பட்டியலைக் கூட்டினால் 10.67 கோடிதான் வந்தது. வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவீதமே என்ற முடிவு அந்தத் தொகையைச் சார்ந்திருந்தது. 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றிலிருந்து வந்த அளவுகோல். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு கூட்டலுக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

## பென்ஃபோர்ட் விதி: எங்கே செல்லும், எங்கே செல்லாது

விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் இது. இயல்பாகச் சேரும் பல எண் தொகுப்புகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30.1 சதவீதம், 2 ஆக இருப்பது 17.6, 9 ஆக இருப்பது வெறும் 4.6. மனிதர் மனத்தில் கற்பனை செய்து எழுதும் தொகைகள் இந்தப் போக்கைப் பின்பற்றுவதில்லை. 1881இல் சைமன் நியூகோம்பும் 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டும் கவனித்துச் சொன்னது இது.

ஆனால் சம்பளம், நிர்ணயித்த விலை, பில் எண், உச்சவரம்பு உள்ள தொகை ஆகியவற்றில் இது பொருந்தாது. நம் 38 பில்களுக்குப் போட்டால் எல்லாமே 4இல் தொடங்கும், அதற்கு விதியே தேவையில்லை. நூற்றுக்கணக்கான பதிவுகளாவது இல்லாமல் இதைத் தொட வேண்டாம். எங்கே தேட வேண்டும் என்று காட்டும் விரல் இது. இதையே ஆதாரம் என்று அறிக்கையில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

இந்த இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு வரி: கணக்கு முறைகள் கேள்வியைக் கூர்மையாக்கும், பதிலை ஆவணம்தான் தர வேண்டும்.

## ஆதாரம் கெடும் இடம்

மேனேஜரின் கம்ப்யூட்டரை ஆன் செய்து, கோப்புகளைத் திறந்து பார்த்து, பென் டிரைவில் நகல் எடுப்பது பலரும் செய்யும் தவறு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பல கோப்புகளின் தேதிகள் மாறிவிடும். 'ரைட் பிளாக்கர்' என்ற, எழுத விடாமல் தடுக்கும் கருவியை மாட்டி ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். மூலத்துக்கும் நகலுக்கும் 'ஹாஷ்' மதிப்பு எடுக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் விரல்ரேகை போன்ற நீண்ட எழுத்துத் தொடர். கோப்பில் ஒரு கமா மாறினாலும் அது முழுக்க மாறிவிடும்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும். கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழையே இன்னும் பாடமாக நடத்தும் படிப்பு என்றால் பாடக்குறிப்புகள் புதுப்பிக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

## குறுகிய படிப்புகள் எப்படி இருக்கின்றன?

ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் தடயவியல் கணக்கியல், மோசடி கண்டறிதல் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. சி.ஏ. முடிக்காதவர் அதில் சேர முடியாது. பல்கலைக்கழகங்கள் தரும் முதுநிலைப் பட்டயம் பொதுவாக ஓராண்டு. ஏசிஎஃப்இ தரும் சிஎஃப்இ (சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்) என்பது அனுபவமும் கேட்கும் ஒரு தொழில் தேர்வு, பட்டப்படிப்பு அல்ல. வெளிநாடுகளில் 'கிராஜுவேட் சர்டிஃபிகேட்' என்பது பட்டம் முடித்தவருக்கான, முதுகலையை விடச் சிறிய படிப்பு. ஆஸ்திரேலியாவில் அது முழுநேரமாக அரையாண்டு, பகுதிநேரமாக ஓராண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பாடங்கள்.

கிரெடிட் என்றால் படிப்பின் எடையை அளக்கும் அலகு. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 15 வாரம், வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டு வேலை. 12 கிரெடிட் என்றால் 540 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் 10 மணி ஒதுக்குபவருக்கு 54 வாரம் ஆகும். "ஆறே வார இறுதிகளில் அதே தரம்" என்று ஒருவர் சொன்னால், சனி, ஞாயிறு ஆறு மணி வீதம் கூட்டிப் பாருங்கள். 72 மணிதான் வரும். 72 மணியில் நல்ல அறிமுகம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

வங்கி அதிகாரி, உள் தணிக்கையாளர், ஜிஎஸ்டி அலுவலர், பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலர், வழக்கறிஞர் என்று பலரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். கணக்குத் தெரிந்தவருக்குச் சட்டப் பகுதி கடினம், சட்டம் தெரிந்தவருக்கு லெட்ஜர் கடினம். இரட்டைப் பதிவு முறை, எக்செல்லில் பிவட் டேபிள், இரண்டு பட்டியலைப் பொருத்தும் சூத்திரம் ஆகியவை கைவராதவர் சேரும் முன் ஒரு மாதம் அவற்றில் உட்கார்ந்தே ஆக வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே பின்தங்குபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். வங்கிகளில் மார்ச் மாத முடிவும், ஆடிட் அலுவலகங்களில் செப்டம்பர், அக்டோபரும் மூச்சுவிட முடியாத காலம். பயிற்சி அறிக்கை கொடுக்கும் தேதி அங்கே விழுகிறதா என்று முன்பே பாருங்கள்.

அலுவலகக் கோப்பைப் பயிற்சிக்கு எடுத்துப் போக வேண்டாம். பெயரை மறைத்தாலும் தொகையும் தேதியும் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சான்றிதழ் வாங்கினால் நீதிமன்றம் தானாக உங்களை நிபுணராக ஏற்காது. ஒவ்வொரு வழக்கிலும் உங்கள் தகுதியும் அனுபவமும் முறையும் கேள்விக்கு உள்ளாகும். பட்டயக் கணக்காளர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் தடயவியல் கணக்கியல், விசாரணைத் தரநிலைகள் கட்டாயமாகியிருக்கின்றன. குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்வது அறிக்கை எழுதுபவரின் வேலை அல்ல என்பதில் அவை உறுதியாக இருக்கின்றன. "மேனேஜர் மோசடி செய்தார்" என்று எழுதக் கூடாது. "38 பில்களின் பணமும் இந்த எண்ணுள்ள கணக்குக்குப் போனது, அதே எண் மேனேஜரின் சம்பளப் பதிவில் உள்ளது, இன்வர்டு ரெஜிஸ்டரில் இந்த 38 தேதிகளிலும் வரவுப் பதிவு இல்லை" என்று எழுத வேண்டும். இந்த எழுத்துப் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

அதனால் ஒரு படிப்பை எடைபோட எங்கள் கருத்தில் இரண்டு விஷயங்கள் போதும். மாணவர் முழு அறிக்கை ஒன்றை எழுதி, அது வரிவரியாகத் திருத்தித் தரப்படுகிறதா? அந்த அறிக்கையை வைத்து ஒரு வழக்கறிஞர் மாணவரை மாதிரிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறாரா? பணம் கட்டும் முன் முந்தைய அணியில் படித்த ஒருவரிடம் பேசி, "உங்கள் அறிக்கையில் எத்தனை இடத்தில் சிவப்பு மை விழுந்தது, கூண்டில் எத்தனை நிமிடம் நின்றீர்கள்" என்று கேளுங்கள். அவர் எண்ணைச் சொன்னால் சேரலாம்.